ஒரு தட்டு என்றால் 'ஆமாம்'!

'பேய் இருக்கிற வீட்டில் ஒரு ராத்திரி தங்க முடியுமா உன்னால?' - பள்ளிக்கூட நாட்களில் இந்தப் பந்தயத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். 'ஓ... தாராளமா!' என்று மார்தட்டிய பையன், சாயந்திரமே 'ஜுரம்' என்று போர்த்திக்கொண்டு படுத்ததையும் பார்த்திருப்பீர்கள். பயமும் சிரிப்பும் இப்படி ஒட்டிக்கொண்டே வருவதால்தானோ என்னவோ, பேய் வீட்டை வைத்துக் காமெடி பண்ணும் பழக்கம் இரண்டாயிரம் வருடங்களுக்கு மேலாகத் தொடர்கிறது!

ரோமானிய நாடக ஆசிரியர் ப்ளாட்டஸ், சுமார் 2,200 வருடங்களுக்கு முன்பே 'மொஸ்டெல்லாரியா' என்றொரு நாடகம் எழுதினார். பச்சையான குடும்பக் காமெடி. அப்பா வியாபாரத்துக்காக மூன்று வருடம் எகிப்துக்குப் போய்விட, இங்கே பையன் கடன் வாங்கிக் காதலியை அடிமைத்தளையிலிருந்து மீட்டு, வீட்டில் தினமும் விருந்து, கும்மாளம்! ஒருநாள் அப்பா திடீரென்று வந்து இறங்குகிறார். உள்ளே பையனும் நண்பர்களும் போதையில். என்ன செய்வது? வீட்டு அடிமை ட்ரானியோ கதவைப் பூட்டிவிட்டு வாசலுக்கு ஓடிவந்து, "ஐயையோ... கதவைத் தொடாதீங்க எஜமான்! உள்ளே பேய்!" என்று அலறுகிறான். வெகுகாலத்துக்கு முன் அந்த வீட்டில் ஒரு விருந்தாளி தங்கத்துக்காகக் கொலை செய்யப்பட்டான் என்று ஒரு கதையையும் கட்டிவிடுகிறான். கிழவர் தலையை மூடிக்கொண்டு ஓட்டம் பிடிக்கிறார்!

கவனியுங்கள்... அந்தப் பேய் எங்கிருந்து வந்தது? கடன் பாக்கியிலிருந்து. இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு, லண்டனுக்கு வாருங்கள். இது மேடையில் அல்ல, நிஜமாகவே நடந்தது.

18-ம் நூற்றாண்டு லண்டனில் காக் லேன் என்று ஒரு குறுகலான சந்து. அங்கே ரிச்சர்ட் பார்ஸன்ஸ் என்பவரின் வீடு. பக்கத்து சர்ச்சில் குமாஸ்தா வேலை. சம்பளம் குறைவு, குடிப்பது அதிகம்! 1759-ல் அவர் வீட்டுக்குக் குடிவந்தது ஒரு ஜோடி - வில்லியம் கென்ட், ஃபேனி. கணவன் மனைவி என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். உண்மையில் ஃபேனி, கென்ட்டின் இறந்துபோன மனைவியின் தங்கை. நம்ம ஊரில் மச்சினியைக் கட்டிக்கொள்வது சர்வசாதாரணம். ஆனால், இங்கிலாந்தில் அதை சர்ச் சட்டம் தடுத்தது (அந்தத் தடை நீங்கியது 1907-ல்தான்!). ஆகவே, கல்யாணம் இல்லாமலே குடித்தனம்.

கென்ட்டுக்கு வட்டிக்கு விடுவதுதான் தொழில். வீட்டுக்காரர் பார்ஸன்ஸ் அவரிடமே 12 கினி கடன் வாங்கினார். மாதம் ஒரு கினி திருப்பித் தருவதாக ஏற்பாடு. வழக்கம்போலத் தரவில்லை. தகராறு முற்றி, கென்ட்டும் ஃபேனியும் வேறு வீட்டுக்குப் போய்விட, கென்ட் வழக்குப் போட்டார்.

இதற்கு முன்பே ஒரு சின்ன சம்பவம். கென்ட் ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்தபோது, ராத்திரித் துணைக்காக பார்ஸன்ஸின் மகள் எலிஸபெத்தைத் தன்னுடன் படுக்க வைத்துக்கொண்டாள் ஃபேனி. அப்போது சுவரில் 'டொக்... டொக்...' என்று சத்தம். 'பக்கத்து வீட்டில் செருப்புத் தைப்பவர் ராத்திரியில் வேலை செய்கிறார்' என்று பார்ஸன்ஸின் மனைவி சமாதானம் சொன்னார். ஆனால், ஞாயிற்றுக்கிழமையும் சத்தம் கேட்டது. அன்று அவருக்கு லீவு!

1760 பிப்ரவரி 2-ம் தேதி ஃபேனி பெரியம்மையில் இறந்துபோனாள். உயில்படி அவளுடைய பணம் பெரும்பாலும் கென்ட்டுக்குப் போய்ச்சேர்ந்தது. இரண்டு வருடம் கழித்து, காக் லேன் முழுக்க ஒரே பேச்சு - 'ஃபேனியின் ஆவி வந்திருக்கிறது!'

ஆவி, சிறுமி எலிஸபெத் படுத்திருக்கும் இடத்தில்தான் வரும். கேள்வி கேட்டால் பதில் சொல்லும். ஒரு தட்டு என்றால் 'ஆமாம்', இரண்டு தட்டு என்றால் 'இல்லை'. கோபம் வந்தால் 'பர்ர்ர்' என்று பிறாண்டும்! ஜான் மூர் என்ற பாதிரியார் கேள்விமேல் கேள்வி கேட்டார். 'உன்னைக் கொன்றார்களா?' - 'டொக்'. 'விஷமா?' - 'டொக்'. 'கொடுத்தது கென்ட்டா?' - 'டொக்'. 'தூக்கில் போட வேண்டுமா?' - 'டொக்'!

சிரிக்கலாம். ஆனால், கென்ட்டால் சிரிக்க முடியவில்லை. கொலைக்குத் தண்டனை தூக்கு. பத்திரிகைகள் வேறு விஷயத்தை ஊதிப் பெரிதாக்கின. அவரே ஒரு ராத்திரி அந்த வீட்டுக்குப் போய், ஆவி தன்னைக் கொலைகாரன் என்று 'தட்டுவதை'க் கேட்டு, "பொய் சொல்கிறாய்!" என்று கத்திவிட்டு வந்தார்.

அப்புறம் லண்டனே காக் லேனுக்குக் கிளம்பியது. ஒரு ராத்திரி, மன்னர் மூன்றாம் ஜார்ஜின் தம்பி யார்க் கோமகன், எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல், இரண்டு சீமாட்டிகள், ஒரு பிரபு - ஆக ஐந்து பேர், ஆபரா முடிந்த கையோடு உடை மாற்றிக்கொண்டு, ஒரே வாடகைக் குதிரைவண்டியில் நெருக்கியடித்துக்கொண்டு போனார்கள். கொட்டும் மழை. சந்து முழுக்கக் கூட்டம். வீட்டுக்குள் நுழையவே முடியவில்லை. 'வந்திருப்பது ராஜாவின் தம்பி' என்று யாரோ கண்டுபிடித்த பிறகுதான் வழி கிடைத்தது. ஒரு குட்டி அறை, ஐம்பது பேர், ஒரே ஒரு மெழுகுவத்தி! ராத்திரி ஒன்றரை மணிவரை காத்திருந்தும் ஆவி மூச்சு விடவில்லை. 'காலையில் ஏழு மணிக்கு வரும்' என்று சொன்னார்களாம். பால்காரர் மாதிரி! இந்தக் கூத்தையெல்லாம் வால்போல் ஒரு கடிதத்தில் விலாவாரியாக எழுதிவைத்திருக்கிறார். அக்கம்பக்கத்துச் சாராயக் கடைகளுக்குச் செம வசூல் என்பதையும் மறக்காமல் குறிப்பிடுகிறார்.

கடைசியில் ஒரு விசாரணைக் குழு அமைத்தார்கள். அதில் இருந்தவர் யார் தெரியுமா? ஆங்கில அகராதி எழுதிய மாமேதை டாக்டர் சாமுவேல் ஜான்ஸன்! 1762, பிப்ரவரி 1. சிறுமியை ஆல்ட்ரிச் என்ற பாதிரியாரின் வீட்டுக்குக் கொண்டுவந்து, சில பெண்கள் படுக்கையைச் சோதித்துவிட்டுப் படுக்க வைத்தார்கள். கைகளைப் போர்வைக்கு வெளியே வைக்கச் சொன்னார்கள். நிசப்தம். 'சர்ச் நிலவறையில் என் சவப்பெட்டிமீது தட்டுவேன்' என்று ஆவி ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தது. ராத்திரி ஒரு மணிக்கு ஜான்ஸனும் மற்றவர்களும் சர்ச்சுக்குப் போக, ஆவி குற்றம்சாட்டிய கென்ட்டும் வேறு சிலருடன் அந்த இருட்டு நிலவறைக்குள் இறங்கினார். சவப்பெட்டி தேமே என்று கிடந்தது. 'சத்தம் போடுவதில் அந்தப் பெண்ணுக்கு ஏதோ ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. மேலுலக விவகாரம் எதுவும் இல்லை' என்ற ரீதியில் முடிவை எழுதிக் கொடுத்தார் ஜான்ஸன்.

பிறகு நடந்ததை, எனக்கென்னவோ, காமெடியில் சேர்க்க மனசு வரவில்லை. எலிஸபெத்துக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். அவளை வீடு வீடாகத் தூக்கிப்போய், ஊர்பேர் தெரியாதவர்கள் சுற்றி நிற்க, ராத்திரி ராத்திரியாகப் படுக்க வைத்தார்கள். கை கால்களைக் கட்டித் தூளி போலத் தொங்கவிட்டும் சோதித்தார்கள். சத்தம் வரவில்லை. 'ஒழுங்காகச் சத்தம் வராவிட்டால் நீ, உன் அப்பா, அம்மா எல்லோருக்கும் நியூகேட் சிறைதான்' என்று மிரட்டினார்கள். அந்தக் குழந்தை என்ன செய்யும்? கெட்டில் வைக்கும் சின்ன மரப்பலகை ஒன்றை எடுத்து உடைக்குள் ஒளித்துக்கொண்டு படுத்தாள். வேலைக்காரிகள் மறைந்திருந்து பார்த்துவிட்டார்கள். 'பிடிபட்டது பேய்!' என்று ஊரே கொண்டாடியது. அன்றைக்குக் கேட்ட சத்தம் முன்பு கேட்டதுபோல இல்லை என்று கூட இருந்தவர்களே சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பயமுறுத்தியதால்தான் அன்று அந்தக் காரியத்தைச் செய்தாள் என்று அப்போதே சிலர் எழுதினார்கள்.

அதே 1762-ல் புகழ்பெற்ற நடிகர் டேவிட் கேரிக் ஒரு குட்டி நாடகம் போட்டார். லண்டனுக்குப் போய்த் திரும்பிய விவசாயி ஒருவர், தன் மனைவியிடம் ஆவியைப் 'பேட்டி கண்ட' கதையை அளந்துவிட்டுக் கலாட்டா செய்வார். பட்டணத்து ஆசாமிகளின் மூடநம்பிக்கையைக் கிராமத்துக்காரர் கிண்டலடிப்பதுதான் தமாஷ். ஓவியர் ஹோகார்த் அந்தக் காட்சியைப் படமாகவே வரைந்துவிட்டார்!

ஜூலையில் வழக்கு விசாரணைக்கு வந்தது. கென்ட்டைக் கொலைகாரனாக்கச் சதி செய்ததாக பார்ஸன்ஸுக்கு இரண்டு வருடச் சிறை, மனைவிக்கு ஒரு வருடம், ஆவியைக் 'கூப்பிட' உதவிய மேரி ஃப்ரேஸர் என்ற பெண்ணுக்கு ஆறு மாதம். பாதிரியார் மூரும் இன்னொருவரும் கென்ட்டுக்குப் பணம் கொடுத்துத் தப்பித்தார்கள். எலிஸபெத் மீது வழக்கு இல்லை. ஆனால் அப்பா, அம்மா இருவருமே ஜெயிலில்.

பார்ஸன்ஸுக்கு இன்னொரு தண்டனையும் உண்டு. மூன்று தடவை, கழுத்தையும் கைகளையும் மரச்சட்டத்தில் மாட்டி நடுத்தெருவில் நிறுத்துவது. இப்படி மாட்டிக்கொண்டவர்கள்மேல் அழுகிய முட்டையும் கல்லும் வீசுவதுதான் லண்டன் ஜனங்களுக்குப் பொழுதுபோக்கு. உயிர் போனவர்கள்கூட உண்டு. பார்ஸன்ஸைப் பார்க்கவும் கூட்டம் கூடியது. ஆனால், ஒரு முட்டைகூட விழவில்லை. அவருக்காகக் கூட்டத்தில் காசு வசூல் பண்ணிக் கொடுத்தார்கள்!