நாஷ்வில்லுக்குப் போன இரண்டு குரல்கள்

ஸ்டீவன் டைலர் 1948 மார்ச்சில் நியூயார்க்கில் பிறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் இங்கிலாந்தின் வெஸ்ட் பிராமிச்சில் பிறந்தார் ராபர்ட் பிளான்ட். எழுபதுகளின் ராக் மேடைகளில் உச்சஸ்தாயியில் நின்று அரங்கை அதிரவைத்த குரல்களைக் கணக்கெடுத்தால் இந்த இருவரும் முதல் வரிசையில் வருவார்கள். லெட் செப்பலினின் முகம் பிளான்ட், ஏரோஸ்மித்தின் முகம் டைலர். வயதான பிறகு இருவருமே அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள நாஷ்வில் நகரத்துக்குப் போய்க் கன்ட்ரி இசையில் கைவைத்தார்கள். பிளான்ட் 2007இல் ஆலிசன் கிராஸுடன் சேர்ந்து ‘ரெய்சிங் சாண்ட்’ ஆல்பத்தை வெளியிட்டார். டைலரின் ‘வீ ஆர் ஆல் சம்படி ஃப்ரம் சம்வேர்’ 2016இல் வந்தது. முதல் ஆல்பத்தின் தயாரிப்பாளர் டி போன் பர்னெட். இரண்டாவதன் தயாரிப்பாளர்களில் அவரும் ஒருவர்.

கன்ட்ரி ரசிகர்களிடம் நெடுநாளைய மனக்குறை ஒன்று உண்டு. வானொலியில் கன்ட்ரி என்ற பெயரில் வருவதில் ஃபிடிலும் பான்ஜோவும் ஸ்டீல் கிட்டாரும் பேருக்குத்தான் இருக்கின்றன, டிரம்ஸும் மின்கிட்டாரும் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டன என்பார்கள். பணமும் பெயரும் சேர்த்துவிட்ட, இனி யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியிராத ராக் மூத்தவர்கள் வந்து அசல் கன்ட்ரியை மீட்டுத் தரமாட்டார்களா என்ற எதிர்பார்ப்பும் அதோடு சேர்ந்தே எழுகிறது. ஒரே வயது, ஒரே வகைப் புகழ், ஒரே நகரம், ஓரளவு ஒரே தயாரிப்பாளர் என்று இவ்வளவு ஒற்றுமை இருந்தும் இந்த இரண்டு ஆல்பங்களும் போய்ச் சேர்ந்த இடங்கள் வேறு. வேறுபாடு எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் அந்த எதிர்பார்ப்புக்கும் விடை கிடைக்கும்.

அசல் என்பது எது?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை ஒதுக்கிவைக்க வேண்டும். கன்ட்ரி இசையின் அசல் அதன் கலப்பற்ற தூய்மையில் இல்லை. 1927 கோடையில் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ரால்ஃப் பியர், டென்னசி-வர்ஜீனியா எல்லையில் உள்ள பிரிஸ்டல் ஊரில் நடத்திய ஒலிப்பதிவுகளைத்தான் இந்த இசையின் தொடக்கப் புள்ளியாகச் சொல்வார்கள். கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராட்ஜர்ஸும் முதலில் பதிவானது அங்கேதான். கார்ட்டர் குடும்பத்துத் தலைவர் ஏ. பி. கார்ட்டர் மலையூர்களில் பாட்டுத் தேடி அலைந்தபோது கூடப் போனவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிட்டார் கலைஞர். ராட்ஜர்ஸின் 1930ஆம் ஆண்டுப் பதிவொன்றில் டிரம்பெட் வாசித்தவர் லூயி ஆம்ஸ்ட்ராங். பின்னாளில் கன்ட்ரி நட்சத்திரமான ஹாங்க் வில்லியம்ஸுக்குச் சிறுவயதில் கிட்டார் சொல்லிக்கொடுத்தவர் ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பினத் தெருப்பாடகர். பான்ஜோவே ஆப்பிரிக்க வழிவந்த கருவி.

ஆக, அசல் என்பதை வேறு இடத்தில் தேட வேண்டும். பாட்டு ஒரு மனிதரிடமிருந்து இன்னொரு மனிதருக்குக் கைமாறி வந்திருக்கிறதா? பாடுகிறவர் கதைக்கு முன்னால் வந்து நிற்காமல் அதற்கு வழிவிடுகிறாரா? ஒவ்வொரு கருவியும் தனித்துக் காதில் விழுகிறதா? இந்த மூன்று கேள்விகளையும்தான் இரு ஆல்பங்களிடமும் கேட்கப்போகிறேன்.

போன ஊர் ஒன்று, சேர்ந்த காலம் வேறு

டைலர் போய்ச் சேர்ந்தது இன்றைய நாஷ்வில்லுக்கு. அந்த நாஷ்வில்லுக்குள் ராக் ஏற்கெனவே புகுந்து குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. ஏசி/டிசியின் ‘பேக் இன் பிளாக்’ ஆல்பத்தைத் தயாரித்த மட் லாங்தான் 1997இல் ஷனாயா ட்வெய்னின் ‘கம் ஆன் ஓவர்’ ஆல்பத்தையும் தயாரித்தார். 2006இல் பான் ஜோவியின் பாட்டு கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. டைலரின் ஆல்பத்தில் பணியாற்றிய இன்னொரு தயாரிப்பாளர் டான் ஹஃப், எண்பதுகளின் இறுதியில் ‘ஜயன்ட்’ என்ற ராக் குழுவை நடத்தியவர். பிறகு நாஷ்வில்லின் முன்னணித் தயாரிப்பாளரானார். இப்படிப்பட்ட சூழலில் டைலர் தன் வழக்கத்தை எதற்காகவும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. அவருடைய பழைய ஒலிக்கு அங்கே ஏற்கெனவே நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள்.

பிளான்ட் அதே ஊரின் வேறொரு காலத்துக்குப் போனார். அவரும் கிராஸும் 2004இல் கிளீவ்லாந்தில், பழைய நாட்டுப்பாடல், புளூஸ் பாடகர் லெட்பெல்லிக்கு அஞ்சலியாக நடந்த நிகழ்ச்சியொன்றில் இணைந்து பாடினார்கள். லெட்பெல்லி பிளான்டுக்குப் புதியவர் அல்ல. லெட் செப்பலின் 1970இல் பாடிய ‘காலோஸ் போல்’ லெட்பெல்லியின் வழியாக வந்த பழம்பாட்டுதான். கிராஸ் சிறுமியாகவே ஃபிடில் போட்டிகளில் வாசித்து, பதின்ம வயதில் ரவுண்டர் நிறுவனத்தில் சேர்ந்து, 1993இல் நாஷ்வில்லின் கன்ட்ரி மேடை நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஆப்ரியின் உறுப்பினரானவர். பான்ஜோ, ஃபிடில் போன்ற கருவிகளோடு பாடும் கன்ட்ரிக் கிளையான புளூகிராஸ் மரபு அவருக்கு வீட்டுமொழி. அந்த மரபின் வாசலில் பிளான்ட் மாணவராக வந்து நின்றார். மற்ற வேறுபாடுகளெல்லாம் இதிலிருந்து கிளைத்தவையே.

எந்தப் பாட்டைப் பாடினார்கள்?

டைலரின் ஆல்பத்தில் பெரும்பாலானவை நாஷ்வில் பாடலாசிரியர்களோடு கூடி எழுதிய புதுப்பாட்டுகள். இரண்டு மூன்று பேர் காலையில் ஓர் அறையில் அமர்ந்து மாலைக்குள் ஒரு பாட்டை முடித்துவிடுவது அந்த ஊரின் தொழில்முறை. அந்த முறையில் நல்ல பாட்டுகள் பிறந்ததுண்டு, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அப்படிப் பிறக்கும் பாட்டு அன்றைய வானொலியை மனத்தில் வைத்தே பிறக்கிறது. கேட்பவரை அது பின்னோக்கி எங்கும் அழைத்துப் போவதில்லை.

‘ரெய்சிங் சாண்ட்’ அநேகமாக முழுவதும் பிறர் பாட்டு. எவர்லி சகோதரர்களின் பாட்டு ஒன்று இருக்கிறது. டவுன்ஸ் வான் ஸாண்ட் எழுதியது ஒன்று. பேர்ட்ஸ் குழுவிலிருந்து விலகிய ஜீன் கிளார்க், 1969இல் டக் டில்லார்டுடன் சேர்ந்து வெளியிட்ட ஆல்பத்திலிருந்து இரண்டு. டாக் வாட்சனும் அவர் மனைவி ரோசா லீயும் சேர்ந்து எழுதிய, நெடுங்காலம் கூடி வாழ்ந்தவர்களை மரணம் பிரிப்பதைச் சொல்லும் பாட்டு ஒன்று. நியூ ஆர்லியன்ஸின் ஆலன் டூசான் பாட்டும் உண்டு, லிட்டில் மில்டன் பாடிய பாட்டும் உண்டு. தூய்மைவாதிகள் இதில் பாதியைக் கன்ட்ரியே அல்ல என்பார்கள். ஆனால் ரிடிலும் ஆம்ஸ்ட்ராங்கும் கலந்த அந்த முதல் ஊற்றோடு ஒப்பிட்டால் வானொலிக் கன்ட்ரியைவிட இந்தக் கலவையே உறவில் நெருக்கமானது. ஜீன் கிளார்க் 1991இல் இறந்தவர். வாழும் காலத்தில் தனிப்பாடகராக அவருக்குப் பெரிய கூட்டம் சேரவில்லை. செப்பலின் ரசிகர்கள் எத்தனையோ பேர் அவர் பெயரைத் தெரிந்துகொண்டது இந்த ஆல்பத்தால்தான். ஒரு மூத்த கலைஞர் தன் புகழைச் செலவழிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

குரல்

டைலரின் குரல் அந்த வயதிலும் வியப்பூட்டுவது. கரகரப்பும் கீச்சும் கலந்த அந்த உச்சஸ்தாயி ஆல்பம் நெடுக முன்னால் நிற்கிறது. அவரைத் தேடி வந்தவருக்கு அதில் குறையே இராது. கதையைத் தேடி வந்தவருக்குத்தான் சிக்கல். பாட்டில் வரும் மனிதர் யாராக இருந்தாலும் அவர் டைலராகவே ஒலிக்கிறார்.

பிளான்ட் குரலைத் தணித்தார். அதைவிட முக்கியமானது, இரண்டாம் குரலாக நிற்கக் கற்றுக்கொண்டது. அவர் அதுவரை தனித்துப் பாடிப் பழகியவர். நினைத்த இடத்தில் நினைத்தபடி சுரத்தை வளைத்துப் போவது அவர் பாணி. புளூகிராஸ் இணைப்பாட்டில் அது நடக்காது. ஒருவர் இழுக்கும் சுரத்துக்கு இவ்வளவு மேலே அல்லது இவ்வளவு கீழே என்று மற்றவர் இம்மி பிசகாமல் நிற்க வேண்டும். மூச்சுவிடும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். கார்ட்டர் குடும்பத்திலிருந்து எவர்லி சகோதரர்கள் வரை இந்த இசையின் முதுகெலும்பு அந்த இணைப்பாட்டுதான். ஏறக்குறைய அறுபது வயதில், தன்னைவிட இருபத்து மூன்று வயது இளைய பெண்ணிடம் அதைப் பாடமாகக் கேட்டுக்கொள்ளப் பிளான்ட் தயங்கவில்லை. அந்த ஆல்பத்தில் சில இடங்களில் இரண்டு குரல்களில் எது யாருடையது என்று பிரித்தறிய முடியாமல் போகிறது. பிளான்ட் கன்ட்ரிக்குள் நுழைந்த இடம் அதுதான்.

உடன் வாசித்தவர்கள்

‘ரெய்சிங் சாண்ட்’ ஆல்பத்தில் ஜே பெல்லரோஸின் டிரம்ஸ் மங்கலாக, அடுத்த அறையிலிருந்து வருவதுபோல் ஒலிக்கிறது. டெனிஸ் கிரவுச்சின் பெரிய மரப் பாஸ், மார்க் ரிபோவின் கிட்டார், ரைலி பாகஸின் பான்ஜோ எல்லாம் தனித்தனியே கேட்கின்றன. வாட்சன் தம்பதியின் பாட்டில் ஆட்டோஹார்ப் வாசிப்பவர் மைக் சீகர். தென்மாநில மலைப்பாட்டுகளைத் தேடிக் கற்பதிலேயே வாழ்நாளைக் கழித்தவர் அவர். இன்னொருவர் நார்மன் பிளேக். பாப் டிலன் 1969இல் வெளியிட்ட ‘நாஷ்வில் ஸ்கைலைன்’ ஆல்பத்தில் வாசித்தவர். கலிஃபோர்னியாவிலிருந்து வந்த நிட்டி கிரிட்டி டர்ட் பேண்ட் இளைஞர்கள் மேபெல் கார்ட்டர், ஏர்ல் ஸ்க்ரக்ஸ், டாக் வாட்சன், ராய் ஏகஃப் ஆகிய பெரியவர்களைக் கூட்டி 1972இல் வெளியிட்ட ‘வில் த சர்க்கிள் பி அன்புரோக்கன்’ தொகுப்பிலும் வாசித்தவர். 2000இல் பர்னெட் தயாரித்த ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?’ படத்தின் இசையிலும் இருந்தவர். ராக் உலகம் கன்ட்ரியின் ஊற்றை நோக்கி நடந்த போதெல்லாம் வழியில் இந்த மனிதரைச் சந்தித்திருக்கிறது.

டைலரின் ஆல்பத்திலும் தேர்ந்த கலைஞர்களே வாசித்தார்கள். அங்கே கருவிகள் ஒரே சுவராக எழும்பி நிற்கின்றன. பான்ஜோ அந்தச் சுவரில் ஒரு வண்ணம் மட்டுமே.

சொந்தப் பாட்டைத் திருப்பிப் பாடியபோது

டைலருக்கு நியாயம் செய்ய வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஏரோஸ்மித் 1989இல் வெளியிட்ட ‘ஜேனிஸ் காட் எ கன்’ பாட்டை அவர் இந்த ஆல்பத்தில் புதிதாகப் பாடியிருக்கிறார். தந்தையின் கொடுமைக்கு ஆளான சிறுமி துப்பாக்கி எடுக்கும் கதை அது. அப்பலாச்சிய மலையூர்களில் வழிவழியாகப் பாடப்பட்ட கொலைக்கதைப் பாட்டுகளின் பங்காளி அந்தப் பாட்டு. ராக் இரைச்சல் விலகியதும் கதையின் எலும்பு வெளியே தெரிகிறது. ஆல்பம் முழுவதும் இந்த வழியில் போயிருந்தால் நாம் வேறொரு கட்டுரையை எழுதிக்கொண்டிருப்போம். டைலரிடம் அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவர் தன் கையிருப்பிலேயே இருந்த உண்மையான கன்ட்ரியை ஒரு பாட்டோடு நிறுத்திக்கொண்டார் என்பதுதான் வருத்தம்.

பிளான்டும் இதைச் செய்தார். கிராஸுடன் 2008இல் போன இசைப்பயணத்தில், செப்பலினின் ‘பிளாக் டாக்’ பாட்டைப் பான்ஜோவோடு மெதுவாக்கிப் பாடினார். பழைய ரசிகர்கள் எதிர்பார்த்த அலறல் அதில் இல்லை. இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2007 டிசம்பர் 10 அன்று லண்டனில் லெட் செப்பலின் மீண்டும் கூடி ஒரே ஓர் இரவு வாசித்தது. உலகப் பயணம் ஒன்று கிளம்பும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். பிளான்ட் அதைத் தேர்ந்தெடுக்காமல் கிராஸுடன் ஊர் ஊராகப் போனார். கன்ட்ரி அவருக்கு இடைவேளைப் பொழுதுபோக்காக இருந்திருந்தால் அந்த முடிவு சாத்தியமில்லை.

பிறகு நடந்தது

டைலரின் ஆல்பம் பில்போர்டின் கன்ட்ரி ஆல்பப் பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தது. 2019இல் அவர் ஏரோஸ்மித்துடன் லாஸ் வேகஸ் மேடையில் இருந்தார். இரண்டாவது கன்ட்ரி ஆல்பம் வரவில்லை. ‘ரெய்சிங் சாண்ட்’ 2009 பிப்ரவரியில், ஆண்டின் சிறந்த ஆல்பம் உட்பட ஐந்து கிராமி விருதுகளைப் பெற்றது. பிளான்ட் 2010இல் நாஷ்வில் கலைஞர் படி மில்லருடன் ‘பேண்ட் ஆஃப் ஜாய்’ செய்தார். 2021இல் கிராஸுடன் ‘ரெய்ஸ் த ரூஃப்’ வந்தது. மெர்ல் ஹாகர்டும் ஓலா பெல் ரீடும் இங்கிலாந்தின் ஆன் பிரிக்ஸும் அதில் ஒரே பந்தியில் அமர்ந்தார்கள். பதினான்கு ஆண்டுகள் கழிந்தும் அவர் தேடுவதை நிறுத்தவில்லை.

ஆனால் பிளான்டின் வெற்றியையும் அளவோடு பார்க்க வேண்டும். கன்ட்ரி வானொலி அதனால் மாறிவிடவில்லை. விருதுகள் வந்த பிறகும் பெரிய நிலையங்கள் பழைய தடத்திலேயே ஓடின. உண்மையான மீட்பு நடந்த இடங்கள் வேறு. வட கரோலினாவில் ஜோ தாம்ப்சன் என்ற கறுப்பின முதியவர் தன் குடும்பத்து ஃபிடில் மரபைக் காத்துவந்தார். ரியானன் கிடன்ஸும் நண்பர்களும் அவர் வீட்டுக்கே போய் அவரோடு வாசித்துக் கற்றார்கள். அப்படிப் பிறந்த கரோலினா சாக்லேட் டிராப்ஸ் குழு கிராமி விருதும் பெற்றது. மிச்சிகனில் வளர்ந்த பில்லி ஸ்ட்ரிங்ஸ், வளர்ப்புத் தந்தையோடு டாக் வாட்சன் பாட்டுகளை வாசித்துப் பழகி, இன்று புளூகிராஸுக்குப் பெரிய அரங்குகளை நிரப்புகிறார். மரபு பிழைப்பது இப்படி வாசிக்கும் கைகளில்தான்.

எனவே மூத்த ராக் கலைஞர்கள் அசல் கன்ட்ரியை மீட்டுத் தருவார்கள் என்று காத்திருப்பதில் பயனில்லை. மீட்பு இளைஞர்களின் வேலை. அதற்கு வேண்டிய நேரடிப் பயிற்சியும் நீண்ட ஆயுளும் அவர்களிடம்தான் இருக்கின்றன. மூத்தவர்களால் முடிந்தது வேறு. பல இலட்சம் பேருடைய காதுகள் அவர்கள் பக்கம் திரும்பியிருக்கின்றன. அந்தக் காதுகளை மறக்கப்பட்ட பாட்டின் பக்கமும், வயதான வாசிப்பாளரின் பக்கமும், இளைய கலைஞரின் பக்கமும் திருப்பிவிட அவர்களால் முடியும். டைலர் தன் கூட்டத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். பிளான்ட் அதை ஜீன் கிளார்க்கிடமும் வாட்சன் தம்பதியிடமும் ஒப்படைத்தார். அடுத்து எந்த ராக் மூத்தவர் நாஷ்வில்லுக்குக் கிளம்பினாலும் அவரை அளக்க இந்த ஓர் அளவுகோல் போதும். அவருடைய ஆல்பத்தைக் கேட்டு முடித்தவர் அடுத்து யாருடைய ஆல்பத்தைத் தேடிப் போகிறார் என்று பார்த்தால் தெரிந்துவிடும்.