பிரேக்கைத்தான் மிதித்தேன்

"பிரேக்கைத்தான் மிதிச்சேன், வண்டி நிக்கல." தானாகப் பாய்ந்த கார்களின் வரலாறு முழுக்க ஓட்டுநர்கள் சொல்லிக்கொண்டே இருப்பது இதைத்தான். இதை நம்புவதா வேண்டாமா என்பதில்தான் அமெரிக்கா முப்பது வருஷம் சண்டை போட்டது. அந்தச் சண்டையில் இரண்டு வழக்குகளை மட்டும் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலாவது, ஜெர்மானிய கம்பெனியான ஆடியின் 5000 மாடல். 1986 நவம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சியின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சி அதைக் கையில் எடுத்தது. கராஜ் கதவைத் திறக்க நின்ற ஆறு வயது மகன் மீது காரை மோதிவிட்ட ஒரு தாய் அதில் பேசினார். தன் கால் பிரேக்கில்தான் இருந்தது என்றார். பார்த்தவர்கள் கலங்கிப்போனார்கள். அதே நிகழ்ச்சியில் ஒரு ஆடியின் ஆக்ஸிலரேட்டர் பெடல் தானாகவே கீழே இறங்குவதையும் காட்டினார்கள். அதற்காக கியர்பாக்ஸில் துளை போட்டு, வெளியிலிருந்து அழுத்தம் செலுத்தியிருந்தார்கள் என்ற சங்கதி பார்த்தவர்களுக்குச் சொல்லப்படவில்லை.

1985இல் அமெரிக்காவில் 74 ஆயிரத்துக்கு மேல் விற்ற ஆடி, 1991இல் 12 ஆயிரத்துச் சொச்சத்துக்கு வந்து நின்றது. இடையில் 1989இல் அரசின் ஆய்வறிக்கை வெளியானது. பெரும்பாலான விபத்துகளில் ஓட்டுநர் பிரேக் என்று நினைத்து மிதித்தது ஆக்ஸிலரேட்டரை என்பது அதன் முடிவு. கம்பெனி ஜெயித்துவிட்டது, கதை முடிந்தது என்று பலரும் இங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். அறிக்கை அதோடு நிற்கவில்லை. ஐடில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம் கோளாறானால் கார் லேசாக உந்தும், அந்த அதிர்ச்சியில் கால் தடுமாறலாம், பெடல்கள் அமைந்திருக்கும் விதமும் அந்தத் தடுமாற்றத்துக்குத் துணைபோகலாம் என்றும் அது சொன்னது.

என்னை யோசிக்க வைப்பது இந்த இடம்தான். தவறான பெடலை மிதித்தவர் பொய் சொல்லவில்லை. கால் எங்கே இருக்கிறது என்று நாம் யாரும் குனிந்து பார்த்து ஓட்டுவதில்லை. பிரேக்கில் இருப்பதாக மூளை நம்புகிறது. கார் பாயப் பாய, இன்னும் பலமாக மிதிக்கச் சொல்கிறது.

இரண்டாவது, டொயோட்டா. 2009 ஆகஸ்ட் 28, கலிஃபோர்னியாவின் சாண்டீ. பணியில் இல்லாத நெடுஞ்சாலைக் காவலர் ஒருவர் டீலர் இரவலாகக் கொடுத்த லெக்ஸஸ் ஈஎஸ் 350ஐ ஓட்டிப் போகிறார். வண்டி நூறு மைலுக்கு மேல் பறக்கிறது. உள்ளே இருந்தவர்கள் அவசர எண்ணை அழைத்து, பிரேக் இல்லை என்று சொல்கிறார்கள். நான்கு பேரும் இறந்தார்கள். வேறொரு மாடலுக்கான தரைவிரிப்பு ஆக்ஸிலரேட்டரைச் சிக்கவைத்திருந்தது. அதே காரை முன்பு இரவல் வாங்கியிருந்த ஒருவர், இதே தொல்லையைச் சில நாட்களுக்கு முன்புதான் டீலரிடம் சொல்லியிருந்தார்.

தொழில்முறை ஓட்டுநராலேயே ஏன் நிறுத்த முடியவில்லை? த்ராட்டில் முழுசாகத் திறந்திருக்கும்போது, பிரேக்குக்குத் துணை செய்யும் வெற்றிடத்தை எஞ்சின் உருவாக்குவதில்லை. இரண்டு மூன்று தடவை விட்டு விட்டு மிதித்தால் மிச்சமிருந்த துணையும் தீர்ந்துவிடும். அப்புறம் பெடல் கல்லு மாதிரி. சாவிக்குப் பதில் இருந்த பொத்தானையோ, ஓடும்போது எஞ்சின் அணைய, சில வினாடிகள் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் யாருக்கு அது தோன்றும்?

பிறகு தரைவிரிப்புக்காக லட்சக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 2010 ஜனவரியில், மிதித்தால் மேலே வராமல் ஒட்டிக்கொள்ளும் பெடலுக்காக மேலும் 23 லட்சம் கார்கள். பிப்ரவரியில் அகியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் மன்னிப்புக் கேட்டார். மின்னணுக் கோளாறா என்று ஆராய நாசா வந்தது. அப்படி ஒன்றைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று 2011இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் 2013இல் ஓக்லஹோமா வழக்கில் மென்பொருளின் ஓட்டைகளை ஒரு நிபுணர் விளக்கினார். ஜூரி டொயோட்டாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2014இல், பெடல், தரைவிரிப்பு விஷயத்தில் மக்களைத் தவறாக வழிநடத்தியதை ஒப்புக்கொண்டு அந்தக் கம்பெனி 120 கோடி டாலர் கட்டியது.

சரி, குற்றவாளி மனிதனா, இயந்திரமா? நீதிமன்றத்துக்கு இந்தக் கேள்வி அவசியம். ஆனால் உயிர்களைக் காத்த தீர்வுகள் இதற்குப் பதில் தெரியும்வரை காத்திருக்கவில்லை. பிரேக்கை மிதித்தால்தான் பார்க்கிங்கிலிருந்து கியர் நகரும் என்ற பூட்டை, அரசு அறிக்கை வருவதற்கு முன்பே, 1987இல் ஆடி பொருத்தத் தொடங்கியது. இன்று ஏறக்குறைய எல்லா ஆட்டோமேட்டிக் கார்களிலும் அது உண்டு. கால் தடுமாறும் என்பதை ஏற்றுக்கொண்ட வடிவமைப்பு அது. ஓட்டுநரைக் கேலி செய்யாமலே அவரைத் திருத்துகிறது.

இன்னொன்று, இரண்டு பெடலும் ஒரே நேரத்தில் அழுந்தினால் பிரேக்கின் பேச்சை மட்டும் கேட்கும் ஏற்பாடு. பெரும்பாலும் சில வரி மென்பொருள்தான். ஜெர்மானிய கம்பெனிகள் சில முன்பே அதை வைத்திருந்தன. சாண்டீயில் ஓடிய அந்த லெக்ஸஸில் அது இல்லை.