சைக்கிளும் சீட்டுக்கட்டும் குற்றமான கதை

(தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நிகழ்ச்சிக்காகப் படப்பிடிப்புக் குழுவோடு கேரி தீவுக்குப் போயிருந்தேன். தெலுக் பங்லிமா காராங் பக்கமிருந்து பாலத்தைக் கடந்துவிட்டால் போதும், இருபுறமும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை செம்பனைதான். நாங்கள் போனது வெள்ளை நிற ஜீப். எதிரே ஒரு பெரியவர் பழைய சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். எங்கள் வண்டியைக் கண்டதும் சட்டென்று இறங்கினார். சைக்கிளைப் பிடித்தபடி ஓரமாக நின்றார். நாங்கள் கடந்து போகும்வரை அவர் ஏறவில்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போனேன்.

"ஏன் தாத்தா இறங்கிட்டீங்க? ரோடு நல்லா அகலமாத்தானே இருக்கு?"

"அதெல்லாம் பழக்கம்மா. துரை வண்டின்னு நெனச்சிட்டேன். துரை வந்தா சைக்கிள்ல உக்காந்திருக்கக் கூடாதுன்னு எங்கப்பா சொல்லிக் குடுத்தாரு."

துரை போய் எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. தோட்டம் கைமாறிவிட்டது. ரப்பர் போய் செம்பனை வந்துவிட்டது. ஆனால் அந்தக் கால் மட்டும் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது! நான் படித்தது மக்கள் தொடர்புத் துறை டிப்ளோமா. கேமரா பிடிக்கவும் பேட்டி எடுக்கவும் சொல்லிக் கொடுத்தார்கள். இந்தக் கதையை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நமது இன்றைய தலைப்பு, பிழைப்புக்காகவோ ஓய்வுக்காகவோ வேறு நாட்டுக்குப் போனவர்கள், யாருக்கும் தீங்கில்லாத பொழுதுபோக்கினால் உள்ளூர்ச் சட்டத்தில் மாட்டிக்கொண்ட வரலாறு. முதலில் நம்மைச் சிரிக்க வைக்கும் கதைகளைப் பார்த்துவிடுவோம்.

120 சீட்டுக்கு மேல் கூடாது

2016 பிப்ரவரி 3. தாய்லாந்தின் பட்டாயா நகரம். பணி ஓய்வு பெற்று அங்கே குடியேறிய வெளிநாட்டினர் வழக்கம்போல் ஒரு கட்டடத்தில் கூடி 'பிரிட்ஜ்' சீட்டாட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று போலீசாரும் இராணுவத்தினரும் உள்ளே நுழைந்தார்கள். 32 பேர் கைது! அதில் 12 பேர் பிரிட்டிஷ்காரர்கள். 84 வயது டச்சுப் பாட்டி ஒருவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்.

மேசையில் பணம் கிடையாது. பந்தயமும் கிடையாது. பிறகு என்ன குற்றம்? சீட்டுக்கட்டுச் சட்டம் என்று ஒன்று அப்போது தாய்லாந்தில் இருந்தது. அனுமதியின்றி 120 சீட்டுகளுக்கு மேல் வைத்திருந்தால் குற்றம் என்றது அது. ஒரு கட்டுக்கு 52 சீட்டு. ஆக, மூன்று கட்டு வைத்திருந்தாலே 156 ஆகிவிடும். பிரிட்ஜ் என்பது ஒரு மேசைக்கு நால்வர் ஆடும் ஆட்டம். 32 பேருக்கு எட்டு மேசை, எட்டு கட்டு என்றாலும் 416 சீட்டு! நள்ளிரவைத் தாண்டி ஆளுக்கு 5,000 பாட் ஜாமீனில் வெளியே வந்தார்கள்.

மறுநாள் உலகப் பத்திரிகைகள் எல்லாம் இதைப் போட்டுச் சிரித்தன. சூதாட்டத்தை ஒடுக்குவதற்காகப் பிறந்த ஒரு சட்டம், பல பத்தாண்டுகள் கழித்துப் பாட்டியின் கையைப் பிடித்தது.

இதற்கு முன்பே கிரீஸ் நாட்டில் ஒரு கதை நடந்தது. 2001 நவம்பரில் கலமாட்டா விமானப்படைத் தளத்தில் 12 பிரிட்டிஷ்காரர்களும் 2 டச்சுக்காரர்களும் கைதானார்கள். அவர்களுடைய பொழுதுபோக்கு, விமானங்களைப் பார்த்து அவற்றின் எண்களை நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைப்பது. நாம் சின்ன வயதில் பஸ் நம்பர் எழுதி வைத்தோமே, அது மாதிரி. கிரீஸ் அதிகாரிகளுக்கு அது உளவு வேலையாகத் தெரிந்தது. அவர்கள் வாரக் கணக்கில் சிறையில் இருந்தார்கள். 2002 ஏப்ரலில் தண்டனையும் விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் மேல்முறையீட்டில் விடுதலை ஆனார்கள்.

நம் ரம்மி ஆட்டத்துக்கும் இந்தச் சோதனை வந்ததுண்டு. செகந்திராபாத் கிளப் ஒன்றில் ரம்மி ஆடியது சூதாட்டமா என்ற வழக்கு இந்திய உச்சநீதிமன்றம் வரை போனது. ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று 1967-இல் தீர்ப்பு வந்தது. நம் நாட்டிலும் 1953-ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட மையச் சட்டம் இருக்கிறது. ஆகவே வீட்டுத் திண்ணையில் விளையாட்டு என்று நினைப்பது சட்டத்தின் கண்ணுக்கு எப்போதும் விளையாட்டாகத் தெரிவதில்லை.

இந்தக் கதைகளில் ஒன்றைக் கவனித்தீர்களா? பட்டாயாவில் மாட்டிக்கொண்டவர்கள் அன்றிரவே ஜாமீனில் வெளியே வந்தார்கள். கிரீஸில் சிக்கியவர்களுக்காக அவர்களுடைய அரசாங்கமே பேசியது. உலகமே அவர்கள் பக்கம் நின்றது. இனி, நம் கதைக்கு வருவோம்.

பிரிக்பீல்ட்ஸில் சங்கம், தோட்டத்தில் சந்தேகம்

கேரி தீவுக்கு அந்தப் பெயர் வந்தது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ரப்பர் தோட்டம் போட்ட எட்வர்ட் வேலண்டைன் கேரி என்ற ஆங்கிலேயரால். மா மெரி பூர்வகுடி மக்கள் வாழ்ந்த அந்த மண்ணில் காடு அழித்துத் தோட்டம் எழுந்தது. சிலாங்கூர் தோட்டங்களுக்கெல்லாம் நம் முன்னோர் கப்பலில் வந்து இறங்கினார்கள். இன்று வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களை மரியாதையாக 'அயலகப் பணியாளர்' என்கிறோம். நம் பாட்டன்மார்களும் அதேதான். ஆனால் அவர்களுக்குக் கிடைத்த பெயர் 'கூலி'.

அதே காலத்தில் கோலாலம்பூரில் துரைமார்களுக்கு 1884 முதலே சிலாங்கூர் கிளப் இருந்தது. ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் கிராணி வேலை பார்த்த நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. 1914-இல் தமிழர் உடற்பயிற்சிச் சங்கம் தொடங்கினார்கள். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் 1923-இல் சங்கீத அபிவிருத்தி சபாவைத் தோற்றுவித்தார்கள். பாட்டு, பந்து, நாடகம் எல்லாம் நடந்தன.

இதற்கு ஒரு வழி இருந்தது. சீன இரகசியக் கும்பல்களை அடக்குவதற்காக 1889-இல் நீரிணைக் குடியேற்றங்களில் சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. மலாய் மாநிலங்களிலும் அதே போன்ற சட்டங்கள் பின்னால் வந்தன. கூடிப் பாட வேண்டுமென்றாலும் பந்து விளையாட வேண்டுமென்றாலும் விதிமுறை எழுதி, பொறுப்பாளர் பெயர் கொடுத்துப் பதிய வேண்டும். ஆங்கிலம் படித்த கிராணிகளுக்கு அது ஒரு பாரம். அவ்வளவுதான், எழுதிக் கொடுத்துவிடலாம்.

தோட்டத்தில் லயத்தில் இருந்தவர் என்ன செய்வார்? அவருக்குப் பாரம் எழுதத் தெரியாது. தெரிந்தாலும் துரையின் சம்மதம் இல்லாமல் ஒன்றும் நடக்காது. தோட்டம் தனியார் நிலம். வெளியாள் உள்ளே வந்தால் அத்துமீறல். சொந்த அண்ணன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பொங்கலுக்கு வந்தாலும் நிர்வாகத்தின் கண்ணுக்கு அவன் வெளியாள்தான். கேரி தீவு மாதிரி, லங்காட் ஆறு சூழ்ந்த இடத்தில் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரே ஒரு பொழுதுபோக்குக்கு மட்டும் தாராள அனுமதி இருந்தது. அதுதான் கள்ளுக்கடை! வீட்டில் சம்சு காய்ச்சினால் குற்றம். உரிமம் பெற்ற கடையில் குடித்தால் குற்றமில்லை. அந்தக் கடையை மூடுங்கள் என்று நான்கு பேர் கூடிப் பேசினால் மட்டும் துரைக்குச் சந்தேகம் வந்துவிடும்.

கிள்ளான், 1941

இந்த இறுக்கம் வெடித்த ஆண்டு 1941. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் தோட்டத் தொழிலாளர்களை ஒன்றுசேர்த்தது. அதில் முன்னணியில் நின்றவர் ஆர்.எச்.நாதன். தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றியவர். நம் பத்திரிகைத் துறையைச் சேர்ந்தவர் என்பதில் எனக்குத் தனிப் பெருமை.

தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைப் பட்டியலைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி கேட்டார்கள். பிள்ளைகளுக்கு முறையான கல்வியும் நல்ல மருத்துவ வசதியும் கேட்டார்கள். பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்தச் சொன்னார்கள். இவையெல்லாம் எந்தப் போராட்டத்திலும் வரும் கோரிக்கைகள். ஆனால் அதே பட்டியலில் இவையும் இருந்தன: உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்கு வந்து போக வேண்டும். கூடிப் பேச உரிமை வேண்டும். சங்கம் வைக்க அனுமதி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். துரைமாரும் மற்ற மேலாட்களும் எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்காமல் போக அனுமதி வேண்டும்!

நேயர்களே, சைக்கிளில் உட்கார்ந்து போவதற்கு வேலைநிறுத்தம் செய்த ஓர் இனம் நாம். சைக்கிளில் இருந்து இறங்க வேண்டும் என்பது நாடாளுமன்றத்தில் எழுதிய சட்டமல்ல. தோட்டத்தில் நடைமுறையில் இருந்த சட்டம். எழுதாத சட்டத்துக்குத்தான் வலு அதிகம். அதை எதிர்த்து வழக்குப் போட முடியாது, ஏனென்றால் அது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

1941 மே 5-ஆம் தேதி நாதன் கைது செய்யப்பட்டார். செய்தி பரவியதும் தோட்டம் தோட்டமாகத் தொழிலாளர்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். மே மாதம் சிலாங்கூரில் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. இராணுவம் வந்தது. அந்தச் சிப்பாய்களும் இந்தியர்களே என்பதுதான் வேதனையிலும் வேதனை. துப்பாக்கிச் சூட்டில் 5 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். பலர் காயமடைந்தார்கள். நூற்றுக்கணக்கில் கைதானார்கள்.

பிறகு வந்தது கப்பல் தண்டனை. நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். தொழிலாளர்கள் பலரும் அவ்வாறே திருப்பி அனுப்பப்பட்டார்கள். வெளிநாட்டில் வாழ்பவனுக்கும் உள்ளூர்க்காரனுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெரிகிறது. உள்ளூர்க்காரன் தவறு செய்தால் சிறை. வந்தவன் வாய் திறந்தால் கப்பல். வியர்வை சிந்தி உருவாக்கிய தோட்டம், கட்டிய கோயில், வளர்த்த தென்னை, எல்லாம் ஒரே கையெழுத்தில் இல்லாமல் போய்விடும்.

அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவுக்குள் நுழைந்தார்கள். போர்ப் புகையில் கிள்ளான் போராட்டம் மறைந்துபோனது. நாடு கடத்தும் அதிகாரம் மறையவில்லை. விடுதலைக்குப் பிறகு 1959-இல் நாடு கடத்தல் சட்டமாகத் தொடர்ந்து, 2011-இல்தான் நீக்கப்பட்டது. சங்கச் சட்டமோ 1966-ஆம் ஆண்டுச் சட்டமாக இன்றும் இருக்கிறது. ஏழு பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒரு மன்றமாக இயங்கினால் அது சங்கம், பதிய வேண்டும். நம் இளைஞர்கள் வாசகர் வட்டம் தொடங்கும்போது இதை மறந்துவிடக் கூடாது.

இன்று சைக்கிளில் வருவது யார்?

பட்டாயா பாட்டிக்கும் கேரி தீவுத் தாத்தாவுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. சீட்டுக்கட்டுச் சட்டம் சூதாடிகளைப் பயந்து எழுதியது. சங்கச் சட்டம் இரகசியக் கும்பலைப் பயந்து எழுதியது. பயத்தில் எழுதிய சட்டம் கடைசியில் யார்மீது விழுகிறது? கைக்குக் கிடைக்கும் அப்பாவிமீது. அவருக்குப் பின்னால் தூதரகமும் பத்திரிகையும் இருந்தால் கதை சிரிப்பில் முடிகிறது. யாருமே இல்லை என்றால் துப்பாக்கியில் முடிகிறது.

இப்போது நம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம். இன்று நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுபவர்கள் யார்? பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பத்துப் பேர் ஒன்றுகூடிக் கேரம் ஆடினாலோ கிரிக்கெட் விளையாடினாலோ நம் முகம் சுளிக்கிறது. "இவனுங்க ஏன் கூட்டம் போடுறானுங்க?" என்று நம்மில் எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்? போலீசுக்குப் போன் அடிக்கலாமா என்று யோசித்தவர்களும் உண்டு. நானும் ஒரு முறை அப்படி முகம் சுளித்தவள்தான், ஒப்புக்கொள்கிறேன்.

என் பாட்டனைப் பார்த்து அன்றைய துரை கேட்டதும் அதே கேள்விதானே?

சட்டத்தை மதிக்க வேண்டும், அதில் இரண்டு கருத்து இல்லை. வெளிநாடு போகும் பிள்ளைகளுக்கு அந்த நாட்டுச் சட்டத்தைத் தெரிந்துகொண்டு போகச் சொல்லுங்கள். ஆனால் நம் வீட்டு வாசலில், நம்மை நம்பி வந்தவன் ஓய்வு நேரத்தில் சிரிப்பதை ஒரு குற்றமாகப் பார்க்காமல் இருப்பதற்குச் சட்டம் தேவையில்லை, நினைவு போதும்.

அன்று படப்பிடிப்பு முடிந்து திரும்பும்போது அதே சாலையில் அந்தத் தாத்தாவை மறுபடியும் பார்த்தோம். இந்த முறை எங்கள் ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார். "நீங்க போங்க தாத்தா" என்றேன். அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு சைக்கிளை மிதித்தபடி எங்களைக் கடந்து போனார். ஒரு கையைத் தூக்கி ஆட்டினார்.

1941-இல் அதைத்தான் கேட்டார்கள், நேயர்களே.