ஆல்ட் அழுத்தினால் தெரியும் கோடு

தொண்ணூறுகளில் திருவல்லிக்கேணி டி.டி.பி. கடைகளுக்கு வேலைக்கு வந்த பெண்களில் பலர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வழியாக வந்தவர்கள். நானும் அப்படித்தான்; லோயர், ஹையர் இரண்டும் பாஸ். குனிந்து கீயைப் பார்த்தால் மாஸ்டர் ஸ்கேலோடு வந்து நிற்பார். அப்படிப் பழகிய கைக்கு மவுஸ் என்பது ஓர் இடைஞ்சல். இப்போது என்னிடம் வேலை பழகும் பிள்ளைகள், கோப்பு திறக்கும் பெட்டியில் நான் மவுசைத் தொடாமல் வேலை பார்ப்பதை ஏதோ வித்தை போலப் பார்க்கிறார்கள். பி.சி. உலகத்தைப் பொறுத்தவரை, அந்தப் பெட்டிக்குள் மவுஸ்தான் பிற்பாடு வந்த விருந்தாளி.

டாஸ் காலத்தில் வேறு வழியே கிடையாது. 1978-இல் வந்த வேர்ட்ஸ்டாரில் கன்ட்ரோல் கே, பிறகு எஸ் என்றால் சேமிப்பு. 1983-இல் வந்த லோட்டஸில் சாய்கோட்டைத் தட்டி எஃப், ஆர் அடித்தால் கோப்புகளின் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். அம்புக்குறியால் நகர்ந்து என்டர் தட்ட வேண்டியதுதான். அலுவலகங்களில் கணக்கு பார்த்தவர்களுக்கு அது பெயர் தெரியாத பழக்கமாகவே விரலில் ஏறியிருந்தது. என்ன அடிக்கிறீர்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, அடித்துக் காட்டுவார்கள்.

இதற்கு நேர் எதிரான பிடிவாதம் ஆப்பிளில் இருந்தது. 1984 ஜனவரியில் வெளிவந்த முதல் மேக்கின்டாஷ் விசைப்பலகையில் அம்புக்குறிக் கீகளே இல்லை. அவை இருந்தால் மென்பொருள் எழுதுகிறவர்கள் பழையபடியே எழுதிவிடுவார்கள், மவுசைச் சீண்ட மாட்டார்கள் என்பது ஸ்டீவ் ஜாப்ஸின் கணக்கு. அந்த வீம்பு இரண்டு வருஷம்தான் தாங்கியது. 1986-இல் மேக் பிளஸ் விசைப்பலகையில் அம்புக்குறிகள் வந்து சேர்ந்தன. இதில் வேடிக்கை என்னவென்றால், வெட்டவும் நகலெடுக்கவும் ஒட்டவும் நாம் இன்று அழுத்தும் எக்ஸ், சி, வி வரிசையும் ஆப்பிள் வீட்டுச் சரக்குதான். லாரி டெஸ்லர் அதை 1983-இல் வந்த லிசா கணினிக்காக அமைத்தார்.

நம் பி.சி. பக்கத்துக் கதையைத் தீர்மானித்தது ஐ.பி.எம். 1987-இல் அந்த நிறுவனம், எல்லா மென்பொருளும் பயனருக்கு ஒரே மாதிரி முகம் காட்ட வேண்டும் என்று ஒரு விதித்தொகுப்பு வெளியிட்டது. சுருக்கமாக சி.யு.ஏ. என்பார்கள். மவுஸ் இருக்கலாம், ஆனால் விசைப்பலகையை வைத்தே எல்லா வேலையும் முடிய வேண்டும் என்பது அதன் அடிப்படை. எஃப்1 என்றால் உதவி, டேப் தட்டினால் அடுத்த கட்டம், ஆல்ட் எஃப்4 என்றால் மூடு, ஆல்ட்டோடு சேர்த்து அழுத்த பெயர்களில் அடிக்கோடிட்ட எழுத்து எல்லாம் அந்த வழியில் வந்தவை. விண்டோஸ் அதைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்டது.

ஆனாலும் ஒவ்வொரு மென்பொருளும் கோப்புப் பெட்டியைத் தனித்தனியாகத்தான் கட்டிக்கொண்டிருந்தது. 1992-இல் விண்டோஸ் 3.1 வந்தபோது எல்லோரும் பயன்படுத்திக்கொள்ள ஒரு பொதுப் பெட்டி கூடவே வந்தது. இடப்பக்கம் கோப்புகள், வலப்பக்கம் அடைவுகள், கீழே கோப்பு வகையும் டிரைவும். நான்குக்கும் அடிக்கோடு உண்டு: ஆல்ட் என் பெயருக்கு, டி அடைவுக்கு (டைரக்டரியின் டி), வகைக்கு டைப்பின் டி, டிரைவுக்கு வி. ஆங்கிலத்தில் முன்னது வேறு எழுத்து, பின்னது வேறு எழுத்து. தமிழில் சொன்னால் இரண்டும் ஒரே டி. கடையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதை வாயால் சொல்லிக்கொடுப்பது பெரும்பாடு. கீயைத் தொட்டுத்தான் காட்டுவோம்.

அந்தப் பெயர்க் கட்டம்தான் எங்கள் வாசல். கவிஞர் ஒருவர் ஃபிளாப்பியோடு வந்து நிற்பார். பெயர்க் கட்டத்தில் ஏ, கோலன், என்டர், ஃபிளாப்பிக்குள் போயாயிற்று. ஸ்டார் டாட் போட்டுக் கடைசி மூன்று எழுத்தை அடித்தால், பேஜ்மேக்கர் கோப்புகள் மட்டும் வடிகட்டி நிற்கும். இரண்டு புள்ளி வைத்து என்டர் தட்டினால் ஒரு படி மேலே. பெயரோ எட்டு எழுத்துக்குள் அடங்க வேண்டும். அதுவும் ஆங்கிலத்தில்தான். அன்றைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. கோப்புப் பெட்டி தன் சொந்த எழுத்துருவில் காட்டுவதால், தமிழில் பெயர் வைத்தால் ஆங்கில எழுத்துகளும், கொம்பும் புள்ளியும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளும்தான் தெரியும். அதனால் நாவலின் மூன்றாம் அத்தியாயம் என்றால் நான்கு ஆங்கில எழுத்தும் ஒரு 03-உம். யுனிகோடு வந்து இத்தனை காலம் ஆகியும், விசைப்பலகையை மாற்றச் சோம்பல்பட்டு, பழைய ஆட்கள் அப்படித்தான் பெயர் வைக்கிறோம்.

மவுசை ஒதுக்கியதற்கு இன்னொரு காரணம், யாரும் எழுதாதது: அழுக்கு. உருண்டை வைத்த மவுஸ் அது. அச்சகத்துக் காகிதத் தூசியும் கை வியர்வையும் உள்ளே உருளைகளில் சுற்றிக் கறுப்பாய்க் கட்டிக்கொள்ளும். அம்பு பாதித் திரையில் நின்று துள்ளும். உருண்டையைக் கழற்றி நகத்தால் சுரண்டிவிட்டு மறுபடி மாட்ட வேண்டும். அவசர வேலையின் நடுவே கரண்ட் போய் யு.பி.எஸ். கத்தும்போது, கன்ட்ரோல் எஸ்ஸை நம்பலாமா, துள்ளுகிற அம்பை நம்பலாமா?

இதை அளந்தவர்களும் உண்டு. 1980-இல் ஸ்டூவர்ட் கார்ட், தாமஸ் மோரன், ஆலன் நியூவெல் மூவரும் கணினி வேலையைச் சின்னச் சின்ன அசைவுகளாகப் பிரித்து நேரம் போட்டார்கள். தேர்ந்த தட்டச்சருக்கு ஒரு கீ 0.2 விநாடி. கையை மவுசுக்குக் கொண்டுபோக 0.4. அம்பைக் குறிவைக்க 1.1. கிளிக் செய்து கையைத் திரும்பக் கொண்டுவந்தால் கிட்டத்தட்ட இரண்டு விநாடி. ஆல்ட் என் அதில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் ஆப்பிளில் இருந்த புரூஸ் டோக்னாசினி 1989-இல் நேர்மாறாக எழுதினார்: ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தால் மவுஸ்தான் வேகம், எந்தக் கீ என்று யோசிக்கும் நேரம் பயனருக்கே தெரியாமல் போய்விடுகிறது, அதனால் விசைப்பலகை வேகம் என்று நினைத்துக்கொள்கிறார்.

அவர் சொன்னது பொய்யில்லை. அந்த மூவரின் கணக்கிலேயே மனசுக்குள் ஒரு முடிவெடுக்க 1.35 விநாடி என்று தனியாக உண்டு. எப்போதாவது ஒரு கோப்பு திறக்கிறவருக்கு அந்த நேரம் செலவாகத்தான் செய்யும். காலையிலிருந்து இரவு வரை அதே அத்தியாயங்களைத் திறந்து மூடுகிறவளுக்கு யோசனை ஏது? டோக்னாசினி அளந்தது கீயைத் தேடுகிறவர்களை. டைப்ரைட்டிங் படித்த கையை அவர் கணக்கில் எடுக்கவில்லை என்பதே என் தீர்ப்பு.

விண்டோஸ் 95-இல் நீளப் பெயர் வந்தது. எஃப்4 தட்டினால் மேலே இடப்பட்டியல் விரியும், பேக்ஸ்பேஸ் ஒரு படி மேலே கொண்டுபோகும். விஸ்டாவில் பேக்ஸ்பேஸ் 'முன்பு பார்த்த இடம்' என்று மாறி, மேலே போக ஆல்ட்டும் மேல் அம்பும் ஆயிற்று. பழகிய விரலை இப்படி மாற்றிவிடுகிறவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. ஆனால் அதைவிடப் பெரிய கேடு 2000-இல் நடந்தது. திரை சுத்தமாகத் தெரியட்டும் என்று, ஆல்ட் அழுத்தும் வரை அடிக்கோடுகளை மறைத்துவிட்டார்கள். ஆல்ட் அழுத்தத் தெரிந்தவருக்குத்தான் ஆல்ட் எதற்கு என்று தெரியும் என்ற நிலை. அதற்குப் பின் வந்தவர்கள் அந்தக் கோட்டைப் பார்த்ததே இல்லை. திரைவாசிப்பான் துணையோடு வேலை பார்க்கும் பார்வையற்றவர்கள்தான் இந்தக் கீகளை இன்று முழுசாக அறிந்து வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஐ.பி.எம்.மின் அந்தப் பழைய விதி சலுகை இல்லை, வேலை பார்க்கவே அதுதான் வழி.

கோடு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. விண்டோஸ் 11-இல் அமைப்புகளுக்குள் போய், அணுகல்தன்மை, அதில் விசைப்பலகை என்று பாருங்கள். அடிக்கோடு காட்டும் பொத்தான் ஒன்று இருக்கும். அதைப் போட்டுவிட்டு ஒரு கோப்புப் பெட்டியைத் திறந்து ஆல்ட் என் தட்டிப் பாருங்கள். 1992-இல் போன அதே கட்டத்துக்குத்தான் இன்றும் போகும்.