மறுப்பின் விலை

ஆங்கிலத்தில் 'பாய்காட்' எனப்படுவதை நம் முன்னோர் பகிஷ்காரம் என்றனர். நாம் புறக்கணிப்பு என்கிறோம். அந்த ஆங்கிலச் சொல் ஒரு மனிதரின் பெயர் என்பதைப் பலரும் அறிவர். அப்பெயரை வினைச்சொல்லாக்கி உலகுக்கு வழங்கியவர் ஒரு கத்தோலிக்கப் பங்குத்தந்தை என்பதை அறிந்தோர் சிலரே. 2025 செப்டம்பரில் அமெரிக்க நாட்டில் பல இலட்சம் பேர் 'டிஸ்னி பிளஸ்' என்னும் இணையத் திரைத்தளத்தின் சந்தாவை நிறுத்தியபோது, தங்கள் செயலை அவர்கள் குறித்தது அந்தக் குருவானவர் தந்த சொல்லால்தான். இடைப்பட்ட 145 ஆண்டுகளில் அச்சொல்லின் உள்ளீடு பெரிதும் மாறிவிட்டது. நம் இல்லங்களிலும் இன்று கைப்பேசி வழியே திரைப்படமும் பாடலும் வந்து இறங்குகின்றன. இதைப் பார்க்காதே, அதை நிறுத்து என்னும் அறைகூவல்களும் உடன் வருகின்றன. ஆதலால் இவ்வரலாற்றைச் சற்று நின்று நோக்குதல் நன்று.

அயர்லாந்தின் மேற்கே உள்ளது மேயோ மாவட்டம். 1879-இல் அங்கு விளைச்சல் பொய்த்தது. எர்ன் பிரபுவின் நிலங்களை மேற்பார்த்து வந்தவர் கேப்டன் சார்லஸ் பாய்காட். மறு ஆண்டு குத்தகையில் 25 விழுக்காட்டைக் குறைக்குமாறு உழவர் வேண்டினர். பிரபுவோ 10 விழுக்காட்டுக்கே இசைந்தார். 1880 செப்டம்பரில் வெளியேற்ற ஆணைகள் வீடு தேடி வந்தன. அதற்குச் சில நாட்கள் முன்புதான் எனிஸ் நகரில் பேசிய தலைவர் பார்னல், வெளியேற்றப்பட்ட ஏழையின் நிலத்தை எடுத்துக்கொள்பவனைப் பண்டைக்காலத் தொழுநோயாளியை ஒதுக்கியதுபோல் ஒதுக்கிவிடுங்கள் என்னும் பொருள்பட அறிவுரை கூறியிருந்தார். மேயோ மக்கள் அதனை முகவர் மீதே செயற்படுத்தினர். பண்ணையாட்கள் வேலையை விட்டகன்றனர். கொல்லர் குதிரைக்கு இலாடம் அடிக்க மறுத்தார். சலவைப் பெண் துணியை ஏற்கவில்லை. பாலின்ரோப் ஊர்க் கடைக்காரர் காசுக்கும் சரக்குத் தரவில்லை.

இச்செயலுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. 'தி நீல்' என்னும் பங்கின் தந்தை ஜான் ஓ'மாலியுடன் உணவருந்திக்கொண்டிருந்த அமெரிக்கச் செய்தியாளர் ஜேம்ஸ் ரெட்பாத், தக்க சொல் அகப்படாமல் தயங்கினார். கற்றோர் வழங்கும் 'ஆஸ்ட்ரசைஸ்' என்னும் கிரேக்க வழிச் சொல் தம் மக்களுக்கு விளங்காது என்ற தந்தை, 'பாய்காட் செய்தல்' என்றே சொல்லலாமே என்றார். எளியோருக்கு விளங்கவேண்டும் என்ற ஓர் ஆயரின் அக்கறையிலன்று, ஊர்ப்புறக் குரு ஒருவரின் அக்கறையில் பிறந்த சொல் இது.

நவம்பரில் பாய்காட்டின் கிழங்குகளை அறுவடை செய்ய வெளி மாவட்டங்களிலிருந்து ஐம்பது தொண்டர்கள் வரவழைக்கப்பட்டனர். அவர்களுக்குக் காவலாகச் சுமார் ஆயிரம் படைவீரரும் காவலரும் வந்திறங்கினர். ஏறத்தாழ 500 பவுன் பெறுமான விளைச்சலைக் காக்க 10,000 பவுன் செலவாயிற்று என்று அன்று கணக்கிட்டனர். டிசம்பர் முதல் நாளில் பாய்காட் அயர்லாந்தை விட்டே புறப்பட்டார். ஆனால் நாம் மனத்தில் இருத்தவேண்டிய கணக்கு வேறொன்று. வேலையை விட்டு வந்த பண்ணையாள் குளிர்காலம் நெருங்கும் வேளையில் தன் கூலியை இழந்தான். கடைக்காரர் ஒரு நல்ல வாடிக்கையை இழந்தார். மறுத்தவர் ஒவ்வொருவரும் தம் கையிலிருந்து ஒன்றைக் கொடுத்தே மறுத்தனர்.

இக்கதையின் அடுத்த பகுதி நம்மில் பலருக்குப் புதிதாக இருக்கலாம். 1888 ஏப்ரலில் உரோமைத் திருஅவையின் விசாரணைத் திருப்பேராயம், அயர்லாந்தின் குத்தகைப் பூசல்களில் இப்புறக்கணிப்பைக் கையாளுதல் முறையன்று எனத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூனில் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் அயர்லாந்து ஆயர்களுக்கு ஒரு சுற்றுமடல் எழுதி அத்தீர்ப்பை உறுதிப்படுத்தினார். உரோமையின் மனக்குறை முக்கியமாக ஒன்றைப் பற்றியது: பேசிய குத்தகையைத் தர மனமிசைந்த உழவனையும், காலியான நிலத்தை எடுத்தவனையும்கூட ஊரே சேர்ந்து ஒடுக்குவது நீதிக்கும் அன்புக்கும் ஒவ்வாது என்பதே அது. அயர்லாந்து மக்கள் இத்தீர்ப்பை மகிழ்ந்து ஏற்கவில்லை. வறியோரின் ஒரே படைக்கலத்தைப் பறிப்பதாகவே உணர்ந்தனர். எனினும் ஊர்விலக்கு என்னும் சொல்லை அறிந்த தமிழர்களாகிய நாம் உரோமையின் அச்சத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. நம் ஊர்களில் நீரும் நெருப்பும் மறுக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் நில முகவர்கள் அல்லரே! ஒரே ஆயுதம் மேயோவில் வலியவனை நோக்கியும், நம்மிடையே எளியவனை நோக்கியும் திரும்பியிருக்கிறது.

திரைப்படத்தின் மீது இவ்வாயுதத்தை முதலில் பெருமளவில் ஏந்தியவர்களும் கத்தோலிக்கரே. 1934-இல் அமெரிக்க ஆயர்கள் தொடங்கிய 'லீஜன் ஆஃப் டீசன்ஸி' என்னும் நன்னெறி இயக்கத்தில் இலட்சக்கணக்கானோர் உறுதிமொழி எடுத்தனர். பிலடெல்பியாவின் கர்தினால் டகர்ட்டி ஒருபடி மேலே சென்று, தம் உயர்மறைமாவட்டத்தார் எந்தத் திரையரங்குக்குமே செல்லலாகாது எனப் பாவத்தின் பெயரால் கட்டளையிட்டார். அரங்குகளின் வசூல் சரிந்தது. அவ்வாண்டிலேயே ஹாலிவுட் முதலாளிகள் பணிந்து, ஜோசப் பிரீன் என்னும் கத்தோலிக்கப் பொதுநிலையினரின் தலைமையில் தணிக்கை அலுவலகம் ஒன்றை ஏற்றனர். 1936-இல் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் தம் சுற்றுமடலில் அவ்வியக்கத்தைப் பாராட்டினார். ஆனால் 1951-இல் கர்தினால் ஸ்பெல்மன், ரொசெல்லினியின் 'தி மிராக்கிள்' படத்தை எதிர்த்து நின்றபோது, வழக்கு உச்ச நீதிமன்றம் சென்று, திரைப்படமும் பேச்சுரிமையின் காப்புக்கு உட்பட்டதே என்னும் 1952-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் முடிந்தது. பின்னாளில் தென்னகப் பாப்திஸ்து சபையார் 1997 முதல் 2005 வரை டிஸ்னி நிறுவனத்தைப் புறக்கணித்தனர். நிறுவனம் அதனால் பெரிதும் தளர்ந்ததாகத் தெரியவில்லை.

இனி நம் காலத்துக்கு வருவோம். இணையத் தளத்தைப் புறக்கணிப்பதில் பழைய முறைக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. திரையரங்கில் பிடிக்காத படத்துக்கு மட்டும் சீட்டு வாங்காமல் இருக்கலாம். சந்தாத் தளத்திலோ நாம் ஒரு படத்துக்கன்று, முழுக் களஞ்சியத்துக்கும் மாதந்தோறும் பணம் செலுத்துகிறோம். ஒரு நிகழ்ச்சியைப் பாராது விட்டால் நம் பணம் குறைவதில்லை. இசைத்தளங்களில் இது இன்னும் கடினம்: நாம் தரும் தொகை ஒரு பொது உண்டியலில் விழுகிறது, உலகமெல்லாம் எப்பாடல் எத்தனை முறை கேட்கப்பட்டது என்ற விகிதப்படியே பெரும்பாலும் அது பங்கிடப்படுகிறது. ஆகவே மறுப்பவர் கர்தினால் டகர்ட்டியைப் போல் கடை முழுவதையும் மறுத்தாகவேண்டும். அதே வேளையில், மறுப்பது மிக எளிதாகவும் ஆகிவிட்டது. கைப்பேசியில் இருமுறை விரல் வைத்தால் சந்தா முடிந்தது. அடுத்த மாதம் திரும்பிச் சேர்ந்தாலும் கேட்பாரில்லை.

2022 சனவரியில் கனடா நாட்டில் பிறந்த பாடகர் நீல் யங், 'ஸ்பாட்டிஃபை' இசைத்தளத்துக்கு ஒரு நிபந்தனை விதித்தார். ஜோ ரோகன் என்பவரின் உரையாடல் நிகழ்ச்சி கொரோனாத் தடுப்பூசி பற்றித் தவறான செய்திகளைப் பரப்புகிறது. அவர் இருக்கும் இடத்தில் என் பாடல்கள் இரா என்றார். ரோகனுக்கு அத்தளம் பத்துக்கோடி டாலருக்குக் குறையாத ஒப்பந்தம் அளித்திருந்தது. சில நாட்களிலேயே யங்கின் பாடல்கள் அகற்றப்பட்டன. ஜோனி மிட்செல் என்னும் பாடகியாரும் அவரைத் தொடர்ந்து வெளியேறினார். இவ்விருவரும் சிறுவயதில் இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்டவர்கள்; அந்நோய்க்குத் தடுப்பூசி வருமுன் வளர்ந்தவர்கள். இதனை அறியும்போது அவர்களது சினத்துக்கு ஓர் ஆழம் தெரிகிறது. தம் பாடல்களை உலகெங்கும் இணையவழி கேட்போரில் 60 விழுக்காடு அத்தளத்திலேயே உள்ளனர் என யங் கூறினார். மேயோவின் பண்ணையாளைப்போல் அவரும் கூலியை இழந்தே மறுத்தார் எனலாம். வறுமை நேரவில்லைதான், இழப்பு இழப்பே.

விளைவு என்ன? ரோகன் நீங்கவில்லை. கொரோனா பற்றிய நிகழ்ச்சிகளுக்கு ஓர் அறிவிப்புக் குறிப்பு சேர்க்கப்பட்டது. 2021 இறுதியில் 18 கோடியாக இருந்த கட்டணச் சந்தாதாரர் எண்ணிக்கை 2022 இறுதியில் 20 கோடியே 50 இலட்சமாக உயர்ந்தது. 2024 மார்ச்சில் ரோகனின் நிகழ்ச்சி மற்றத் தளங்களுக்கும் சென்றுவிட்டது. எல்லாக் கடைகளையும் விட்டு விலக இயலாதென்று கூறி யங் திரும்பி வந்தார். தோல்வி என்று இதனை எழுதி முடிக்க நமக்கு மனம் வரவில்லை. நிபந்தனை நிறைவேறவில்லை என்பது உண்மை. ஆனால் தடுப்பூசி குறித்த பொய்யின் பொறுப்பு யாருடையது என்ற வினாவை அவ்வெளியேற்றம் பலர் முன் எழுப்பியது.

2025-இல் நடந்ததோ வேறு வகை. செப்டம்பர் 10-ஆம் நாள் அமெரிக்க வலதுசாரிச் சொற்பொழிவாளர் சார்லி கிர்க், யூட்டா மாநிலப் பல்கலைக்கழக வளாகம் ஒன்றில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஐந்து நாட்களுக்குப் பின் ஏபிசி தொலைக்காட்சியின் நகைச்சுவையாளர் ஜிம்மி கிம்மல், அக்கொலையை டிரம்ப்பின் ஆதரவாளர் அரசியலாக்குகின்றனர் எனச் சாடினார். ஒளிபரப்பு உரிமங்களை மேற்பார்க்கும் அரசு ஆணையத்தின் தலைவர் பிரெண்டன் கார் வெளிப்படையாக எச்சரித்தார். செப்டம்பர் 17-இல் நிகழ்ச்சி நிறுத்திவைக்கப்பட்டது. ஏபிசி காற்றலையில் இலவசமாகக் கிடைப்பது. நிறுத்துவதற்கு அதில் சந்தா இல்லை. ஆகவே சினமுற்றோர் அதன் உரிமையாளரான டிஸ்னியின் மற்றக் கடைகளாகிய டிஸ்னி பிளஸ், ஹுலு ஆகியவற்றின் சந்தாவை நிறுத்தினர். ஒரு வாரம் ஆகுமுன், செப்டம்பர் 23-இல், கிம்மல் திரையில் மீண்டும் தோன்றினார்.

சந்தாக்களைக் கணக்கிடும் ஆன்டென்னா என்னும் நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, அமெரிக்காவில் டிஸ்னி பிளஸ்ஸை விட்டு விலகுவோர் விகிதம் அம்மாதம் 4-இலிருந்து 8 விழுக்காடாயிற்று. ஹுலுவில் 5-இலிருந்து 10. இவர்கள் அனைவரும் கொள்கைக்காக விலகினர் எனக் கொள்வதற்கில்லை. கிம்மல் திரும்பிய அதே நாளில் நிறுவனம் விலையேற்றத்தையும் அறிவித்திருந்தது. உலகளாவிய கணக்கில் அக்காலாண்டின் இறுதியில் டிஸ்னி பிளஸ் சந்தாதாரர் 38 இலட்சம் கூடியே இருந்தனர். எனினும் அரசின் அச்சுறுத்தலுக்கு முன் ஒருவரது வாய் அடைக்கப்பட்டபோது, அதைத் திறக்கும்படி எளிய சந்தாதாரர் நெருக்கினர் என்பது கருதத்தக்கது. 2022-இல் ஒரு குரலை அகற்றக் கேட்டனர். இங்கு அகற்றிய குரலை மீட்கக் கேட்டனர். அடுத்த மாதமே எலான் மஸ்க், மறுதரப்பிலிருந்து, நெட்ஃபிளிக்ஸ் சந்தாவை நிறுத்துமாறு அழைப்பு விடுத்தார். ஒரே கொலையின் நிழலில் இரு தரப்பாரும் ஒரே பொத்தானை அழுத்தினர்.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. 2021-இல் அமேசான் பிரைம் தளத்தின் 'தி ஃபேமிலி மேன்' தொடரின் இரண்டாம் பருவம் ஈழத்தமிழரை இழிவுபடுத்துகிறது என எதிர்ப்பு எழுந்தது. தமிழக அரசு அதற்குத் தடை விதிக்குமாறு மே மாதம் நடுவண் அரசுக்குக் கடிதம் எழுதியது. சீமான், அமேசானின் எல்லாச் சேவைகளையும் தமிழர் புறக்கணிப்பர் என எச்சரித்தார். ஜூன் 4-இல் தொடர் வெளியாயிற்று. இவ்விரு கோரிக்கைகளும் ஒன்றேபோல் அன்று நமக்குத் தோன்றின; அவை ஒன்றல்ல. தடை கேட்பவர், எவரும் பார்க்கலாகாது என்கிறார். அதற்கு அவர் தம் பையிலிருந்து எதுவும் கொடுப்பதில்லை. புறக்கணிப்பவர் தாம் பார்க்கமாட்டேன் என்கிறார், விரும்புவோர் பார்க்கலாம். 1888-இல் உரோமை கேட்ட கேள்வி இங்குதான் மீண்டும் எழுகிறது. மறுக்க விரும்பாத அயலானை நாம் என்ன செய்வோம்? சந்தாவை நிறுத்தாதவனைத் துரோகி எனத் திட்டும் பதிவுகளை அந்நாட்களில் நாம் எல்லோரும் கண்டோம்.

மேயோவில் மறுத்தவர் யார், மறுக்காதவர் யார் என்பதை ஊரே கண்டது. நம் காலத்து மறுப்பு நிறுவனத்தின் கணக்கேட்டில் மட்டுமே பதிவாகிறது. அக்கணக்கேடும் மூடப்பட்டு வருகிறது. நெட்ஃபிளிக்ஸ் 2025 தொடக்கத்திலிருந்து தன் சந்தாதாரர் எண்ணிக்கையைக் காலாண்டுதோறும் அறிவிப்பதை விட்டுவிட்டது. டிஸ்னியும் 2026 நிதியாண்டு முதல் அவ்வாறே செய்யப்போவதாக, கிம்மல் விவகாரம் எழுவதற்கு ஒரு மாதம் முன்பே அறிவித்திருந்தது.