நடைக்கு ஒரு கேக்

தரையில் வட்டமாக எண் எழுதிய அட்டைகளை ஒட்டியிருப்பார்கள். பாட்டு ஓடும்போது பிள்ளைகள் அட்டை அட்டையாக மிதித்துக்கொண்டு சுற்றி வருவார்கள். பாட்டு நின்றதும் அப்படியே நிற்க வேண்டும். டப்பாவிலிருந்து ஒரு சீட்டை எடுத்து எண்ணை வாசிப்பார்கள். அந்த எண்ணின் மேல் நிற்கிற பிள்ளைக்கு ஒரு கேக். அமெரிக்கப் பள்ளி விழாக்களிலும் சர்ச் விழாக்களிலும் இதைக் கேக்வாக் என்பார்கள். பிறந்தநாள் விருந்துக்குத் தக்கபடி வேஷம் மாறும்: டைனோசர் விருந்தென்றால் அட்டைகள் டைனோசர் பாதங்களாகும், கடற்கொள்ளையர் விருந்தென்றால் தீவுகளாகும், ஹாலோவீனுக்குப் பூசணிக்காய்களாகும். நம் ஊர்ப் பொங்கல் போட்டிகளில் பாட்டு நின்றதும் ஏதாவது ஒரு மூலைக்கு ஓடி நிற்கிற ‘லக்கி கார்னர்’ ஆடியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

நான் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லித் தருகிறேன். விருந்துகளில் இந்த விளையாட்டுக்குக் கீபோர்டு வாசிக்கக் கூப்பிட்டால் போவேன். ஒரு வீட்டில் மற்றப் பிள்ளைகளெல்லாம் அட்டை விட்டு அட்டை தாவிக்கொண்டிருக்க, ஒரு சிறுமி மட்டும் நிமிர்ந்து, கை வீசி, தாளத்துக்குச் சரியாகக் காலெடுத்து வைத்து நடந்தாள். சீட்டு வேறொரு பிள்ளைக்கு விழுந்தது. “மிஸ், நான்தானே நல்லா நடந்தேன்?” என்று என்னிடம் வந்து கேட்டாள். அவள் கேட்டது முழுக்க நியாயம். இந்த விளையாட்டு பிறந்த இடத்தில் கேக் நடைக்குத்தான் கிடைத்தது.

பிறந்த இடம் அமெரிக்கத் தென்மாநிலத் தோட்டங்கள். காலம், 1865இல் அடிமை முறை சட்டப்படி ஒழிவதற்கு முன்பு. துரை பங்களாவில் விருந்து நடக்கும். துரைகளும் துரைசானிகளும் ஜோடி ஜோடியாக, கழுத்து வளையாமல், ஊர்வலம் போல நடந்து வந்து நடனத்தைத் தொடங்குவார்கள். வேலையாட்களாக நின்ற கறுப்பின அடிமைகள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஓய்வு கிடைக்கிற ஞாயிறுகளிலும் அறுவடை முடிந்த இரவுகளிலும், கழித்துப்போட்ட கோட்டையும் கவுனையும் மாட்டிக்கொண்டு அந்த நடையை நடந்து காட்டினார்கள். முதுகைப் பின்னால் வளைத்து, முழங்காலை உயரத் தூக்கி, இல்லாத சீமாட்டிக்குத் தொப்பியை எடுத்து வணங்கினார்கள். துரைக்கு அது வேடிக்கையாக இருந்தது. தன்னைத்தான் கேலி செய்கிறார்கள் என்று புரியாமலே நல்ல ஜோடிக்கு ஒரு கேக்கைப் பரிசாகக் கொடுத்தார். அடிமை வாழ்வைப் பார்த்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் பின்னாளில் சொன்ன நினைவுகளில் இந்தக் கேலி மறுபடி மறுபடி வருகிறது. வாய் திறந்து சொன்னால் சவுக்கடி விழும். காலால் சொன்னார்கள், கேக்கும் வாங்கினார்கள்.

இதற்கு மூத்த வடிவம் ஒன்றும் உண்டு. சுண்ணக்கோடு போட்டு, தலையில் தண்ணீர் வாளியை வைத்துக்கொண்டு, சிந்தாமல் கோட்டின் மேல் நடப்பது. கரகம் தலையில் இருக்கக் கழுத்தை அசைக்காமல் ஆடுகிறவரைப் பார்த்திருந்தால், அதற்கு எவ்வளவு பயிற்சி வேண்டும் என்று தெரியும்.

போட்டியை எப்படித் தீர்த்தார்கள் என்பதை ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் 1912இல் வெளியான ‘தி ஆட்டோபயோகிராபி ஆஃப் அன் எக்ஸ்-கலர்ட் மேன்’ என்ற நாவலில் விவரிக்கிறார். ஜோடிகள் சதுரமாகச் சுற்றி வருவார்கள், ஆண்கள் உள்பக்கம். மூலையில் ஆண் எவ்வளவு துல்லியமாகத் திரும்புகிறான், பெண் எவ்வளவு அழகாகச் சுழன்று வருகிறாள் என்று நடுவர்கள் பார்ப்பார்கள். ஒவ்வொரு சுற்றிலும் சில ஜோடிகளைக் கழித்துக்கொண்டே வந்து கடைசியில் ஒரு ஜோடிக்குக் கேக். எனக்கு இதில் மிகப் பிடித்தது அந்த மூலைதான். நேராக நடப்பதை யாரும் ஒப்பேற்றிவிடலாம், திரும்பும்போதுதான் ஆள் தெரியும்.

பிறகு நடந்தது தலைசுற்றும் கதை. வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைக் கேலி செய்த மின்ஸ்ட்ரல் மேடைகளில் கேக்வாக்கும் ஏறியது. தங்களைக் கேலி செய்த நடையை, கேலி என்று அறியாமல், கேலியாக நடித்தார்கள். அதே மேடைகளில் கறுப்பினக் கலைஞர்களும் பிழைப்புக்காக அதை ஆடினார்கள். இந்த முடிச்சைப் பற்றி 1963இல் வந்த ‘ப்ளூஸ் பீப்பிள்’ நூலில் எழுத்தாளர் அமிரி பராக்கா கேள்வி எழுப்பியிருக்கிறார்.

முடிச்சை அவிழ்க்க முயன்றவர்கள் மூவர்: பஹாமாஸில் பிறந்த பெர்ட் வில்லியம்ஸ், கான்சாஸிலிருந்து வந்த ஜார்ஜ் வாக்கர், அவர் மனைவி எய்டா ஓவர்டன் வாக்கர். 1890களின் இறுதியில் நியூயார்க்கில் இவர்கள் நடைக்குக் கூட்டம் அலைமோதியது. பெரும் பணக்காரரான வில்லியம் வாண்டர்பில்ட் ஒரு விருந்தில் கேக்வாக் ஆடிப் பெயர் வாங்கியதும், 1898இல் வில்லியம்ஸும் வாக்கரும் அவருக்குச் சவால் கடிதம் கொடுத்தார்கள்: 50 டாலர் பந்தயம், உலகின் சிறந்த நடை யாருடையது என்று பார்த்துவிடலாம் வாருங்கள். தோட்டத்தில் வாய் மூடி நடந்தவர்களின் வாரிசுகள் இப்போது கையெழுத்துப் போட்டுக் கேட்டார்கள். அதே ஆண்டு வில் மேரியன் குக் இசையமைத்து, பால் லாரன்ஸ் டன்பார் பாட்டெழுதிய ‘க்ளோரிண்டி’ என்ற கேக்வாக் இசை நாடகம் பிராட்வேயில் ஒரு மொட்டைமாடி அரங்கில் ஏறியது. டன்பாரின் அப்பாவும் அம்மாவும் அடிமைகளாக இருந்தவர்கள்.

1903இல் வில்லியம்ஸ்-வாக்கர் குழுவின் ‘இன் டஹோமி’ இசை நாடகம் பிராட்வேயிலிருந்து லண்டனுக்குப் போனது. அந்த ஜூன் 23ஆம் தேதி பக்கிங்ஹாம் அரண்மனையில் ஒரு பிறந்தநாள் விருந்து. பின்னாளில் எட்டாம் எட்வர்டாக அரியணை ஏறி, முடிசூடும் முன்பே அதைத் துறந்த இளவரசனுக்கு அன்று 9 வயது நிறைந்தது. குழுவினர் அங்கே போய் ஆடினார்கள், கேக்வாக்கும் ஆடினார்கள். பங்களா வாசலில் கேலியாகத் தொடங்கிய நடை, உலகின் மிகப் பெரிய பங்களாக்களில் ஒன்றில் ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்குப் போனது. பிள்ளைகள் விருந்தில் கேக்வாக் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது எய்டாதான். அவர் 1914இல், 35 வயதுகூட ஆகாமல் இறந்துபோனார்.

இசையைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. இடது கை அணிவகுப்பு போல ஒன்று-இரண்டு என்று போய்க்கொண்டே இருக்கும். வலது கையின் மெட்டு அந்த அடிகளுக்கு நடுவில் அழுந்தும்: குறில், நெடில், குறில். அந்த நடு நெடில்தான் முழங்காலைத் தூக்க வைக்கிறது. கெர்ரி மில்ஸின் ‘அட் எ ஜார்ஜியா கேம்ப் மீட்டிங்’ (1897) இதற்கு நல்ல மாதிரி. 1900இல் பாரிஸ் கண்காட்சிக்கு வந்த அமெரிக்க இசையமைப்பாளர் சூசாவின் பேண்டு இந்தத் தாளத்தை ஐரோப்பாவின் காதில் போட்டது. பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸ்ஸி தன் மகள் ஷூஷூவுக்காக எழுதி 1908இல் வெளியிட்ட ‘சில்ட்ரன்ஸ் கார்னர்’ தொகுப்பின் கடைசி உருப்படி ‘கோலிவாக்ஸ் கேக்வாக்’. கோலிவாக் என்பது கறுப்பு முகத்தைக் கேலிச்சித்திரமாக்கிய ஒரு துணிப்பொம்மை. இசை அற்புதம், பொம்மை அவமானம். இரண்டையும் சேர்த்துத்தான் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

நடனமோகம் தணிந்த பின் கேக் மட்டும் தங்கிவிட்டது. பள்ளிக்கும் சர்ச்சுக்கும் நிதி திரட்டுகிறவர்களுக்கு இது வசதி: வீடுகளிலிருந்து கேக் வரும், டிக்கெட் விற்கலாம், சீட்டு எடுத்தால் நடுவர் மேல் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. அந்த வசதிக்காக நடையைக் கைவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே எதிர்த்தவர்களின் திறமை அத்தனையும் அந்த நடையில்தான் இருந்தது.

அதனால் நான் வாசிக்கும் விருந்துகளில் இரண்டு சுற்று வைக்கச் சொல்கிறேன். முதல் சுற்று சீட்டுக்கு. இரண்டாவதற்கு வட்டத்தை அழித்துச் சதுரம் போட்டுவிடுவோம். ஜோடியாக நடக்க வேண்டும், வீட்டிலுள்ள பாட்டியோ தாத்தாவோ மூலையில் உட்கார்ந்து திருப்பத்தைப் பார்த்து மார்க் போடுவார். வேகமாக வாசித்தால் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள், ஆகவே நிதானமாகவே வாசிக்கிறேன். வரலாற்றை விருந்தில் சொல்வதில்லை. டெபுஸ்ஸியை எடுக்கிற வயதில் சொல்கிறேன், துரையையும் சவுக்கையும் சேர்த்தே. சொல்லிவிட்டு, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிற, 1903இல் காப்புரிமை பெற்ற ஊமைப் படம் ஒன்றைக் காட்டுகிறேன். கறுப்பினக் கலைஞர்கள் கேக்வாக் நடக்கிற சின்னத் துண்டு அது. அவர்கள் முதுகையும் முழங்காலையும் கவனித்துப் பார்த்துவிட்டு அதே பக்கத்தை மறுபடி வாசிக்கச் சொன்னால், பெரும்பாலான பிள்ளைகளின் இடது கை அவசரப்படுவதை நிறுத்திவிடுகிறது.