எத்னோ அவுல்

எத்னோ அவுல் என்பது, கசாக் மக்களின் மேய்ச்சல் வாழ்வையும் கைத்தொழில்களையும் பார்வையாளர்களுக்குக் காட்டுவதற்காகக் கசகஸ்தானில் மீட்டுருவாக்கப்படும் கூடாரக் குடியிருப்பாகும். அவுல் என்னும் சொல், முற்காலத்தில் ஒன்றாக இடம்பெயர்ந்து வாழ்ந்த உறவுக் குடும்பங்களின் தொகுதியைக் குறித்தது. இன்று பொதுவாகக் கிராமத்தைக் குறிக்கிறது. அல்மாத்தி நகருக்கு அருகிலுள்ள ‘ஹூணர்கள்’ அவுல் போன்று நிலையாக இயங்குபவையும், நவுரிஸ் என்னும் வசந்த விழாவின்போது நகரச் சதுக்கங்களில் அமைக்கப்பட்டுப் பின்னர் கலைக்கப்படுபவையும் உண்டு. 2024 செப்டம்பரில் அஸ்தானாவில் 5-ஆம் உலக நாடோடி விளையாட்டுகள் நடைபெற்றபோதும் இத்தகைய அவுல் ஒன்று அமைக்கப்பட்டது.

குடியிருப்பின் அடிப்படை யூர்ட் என்னும் வட்டக் கூடாரமாகும். கெரெகே எனப்படும் மடக்கத்தக்க மரப்பின்னல் சுவர்களை வட்டமாக நிறுத்தி, உயிக் எனப்படும் வளைந்த கழிகளை அவற்றின்மேல் கட்டி, கழிகளின் நுனிகளை ஷன்யராக் என்னும் உச்சி வளையத்தில் செருகியபின், சட்டகம் முழுவதும் ஃபெல்ட் என்னும் கம்பளி விரிப்புகளால் போர்த்தப்படுகிறது. புகை வெளியேறவும் ஒளி புகவும் ஷன்யராக் திறந்திருக்கும்; 1992-இல் ஏற்கப்பட்ட கசகஸ்தான் அரசுச் சின்னத்தின் நடுவிலும் அதுவே இடம்பெற்றுள்ளது. யூர்ட் அமைக்கும் கிர்கிஸ், கசாக் மரபறிவை யுனெஸ்கோ 2014-இல் மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. வாசலுக்கு நேர் எதிரே உள்ள தோர் என்னும் இடம் மதிப்பிற்குரிய விருந்தினருக்கு உரியது.

அவுலில் நின்று பார்க்கத்தக்கது ஃபெல்ட் செய்யும் முறையே. இது தறியில் நெய்யப்படாமல், கம்பளி இழைகள் ஒன்றோடொன்று சிக்கி இறுகுவதால் உருவாகும் கெட்டித் துணியாகும். ஆட்டு ரோமத்தை மெல்லிய குச்சிகளால் அடித்துப் பஞ்சுபோல் பிரித்து, ஷீ என்னும் புல்தண்டுப் பாயில் சீராகப் பரப்பி, அதன்மேல் சாயம் தோய்த்த ரோமத்தால் கோலமிட்டு, கொதிநீர் தெளித்துப் பாயோடு சுருட்டிக் கட்டுகின்றனர். அச்சுருளை நெடுநேரம் உருட்டியும் உதைத்தும் இறுக்கியபின், பெண்கள் வரிசையாக மண்டியிட்டு முன்னங்கைகளால் மீண்டும் அழுத்தி உருட்டுகின்றனர். இவ்வாறு கோலம் உள்ளேயே படிந்த விரிப்பு தெகெமெத் ஆகும். சிர்மக் என்னும் விரிப்பிலோ இருநிற ஃபெல்ட்டுகளில் ஒரே வடிவம் வெட்டப்பட்டு, ஒன்றின் துண்டு மற்றதன் இடைவெளியில் பொருத்தித் தைக்கப்படுவதால், துணி வீணாகாமல் நிறம் மாறிய இரண்டு விரிப்புகள் கிடைக்கின்றன. செம்மறிக் கடாவின் கொம்பு வடிவம் இவற்றில் மிகுதி.

புகையூட்டிய குதிரைத்தோல் பையில் கடைந்து புளிக்கவைக்கும் கூமிஸ் என்னும் குதிரைப்பால் பானமும், எண்ணெயில் பொரித்த பவுர்சாக்கும் விருந்தினருக்கு வழங்கப்படுகின்றன. குதிரை விளையாட்டுகளில் கிஸ் கூவு குறிப்பிடத்தக்கது: குதிரையேறிய பெண்ணை இளைஞன் துரத்திப் பிடிக்கத் தவறினால், திரும்பும் வழியில் அவள் அவனைச் சாட்டையால் அடித்தபடி விரட்டுவாள்.

எனினும் இம்மீட்டுருவாக்கத்தில் ஒரு பெருங்குறை உள்ளது. குளிர்காலத்தில் கிஸ்தாவு, கோடையில் ஜைலாவு என மேய்ச்சல் நிலங்களுக்கிடையே மந்தையோடு பெயர்ந்து செல்வதே கசாக் மேய்ச்சல் வாழ்வின் உயிர். ஓரிடத்தில் ஊன்றிய அவுல் அதனைக் காட்ட இயலாது. அவ்வாழ்வு தானாக மறைந்ததுமில்லை. சோவியத் அரசு கால்நடைகளைப் பறித்து மக்களைக் கட்டாயமாக நிலைக்குடியேற்றிக் கூட்டுப்பண்ணைகளில் சேர்த்ததன் விளைவாக, 1930–1933 பஞ்சத்தில் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் கசாக் மக்கள். விரிப்பையும் விருந்தையும் காட்டும் அவுல் இதனையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளது. இப்பஞ்சத்தில் மாண்டோரும் அரசியல் அடக்குமுறைக்குப் பலியானோரும் கசகஸ்தானில் ஆண்டுதோறும் மே 31 அன்று நினைவுகூரப்படுகின்றனர்.